1956-இல் அமெரிக்கா போட்ட கம்பளித் துணிக் கோட்டா: குறி யாருக்கு, அடி யாருக்கு?

நாவல்பழம் எழுதியது:

பன்னாட்டு வணிக வரலாறு படித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு விஷயம் தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது.

1947-இல் ஜெனீவாவில் காட் (சுங்கவரி, வணிகம் பற்றிய பன்னாட்டுப் பொது ஒப்பந்தம்) பேசியபோது, கம்பளித் துணி இறக்குமதிக்கான சுங்கவரியைக் குறைக்க அமெரிக்கா ஒப்புக்கொண்டது. கூடவே ஒரு குறிப்பையும் எழுதி வைத்துக்கொண்டது. இறக்குமதி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்கு மதிப்பில் 45 சதவீதம் வரை வரி போடலாம் என்பதே அந்தக் குறிப்பு. ஒன்பது ஆண்டுகள் அது காகிதத்தில் தூங்கிக் கிடந்தது.

1956 செப்டம்பர் இறுதியில் அமெரிக்க அதிபர் ஐசனோவர் அதை எழுப்பினார். அக்டோபர் 1 முதல் நடைமுறை. அந்த ஆண்டில் மீதமிருந்த மூன்று மாதங்களுக்கு 35 லட்சம் பவுண்டு எடை, 1957-க்கு 1.4 கோடி பவுண்டு. அந்த வரம்புக்குள் வரும் துணிக்குப் பவுண்டுக்கு 37.5 சென்ட்டும், வகையைப் பொறுத்து மதிப்பில் 20 அல்லது 25 சதவீதமும் வரி. வரம்பு நிரம்பியபின் வந்தால் அதே 37.5 சென்ட்டுடன் 45 சதவீதம்.

பிரிட்டன் கொதித்தது. இத்தாலிக்கும் ஜப்பானுக்கும் வருத்தம்.

என் கேள்விகள் இரண்டு. அமெரிக்க உற்பத்தியில் வெறும் 5 சதவீதத்தை ஒட்டிய சரக்குக்கு நட்பு நாடுகள் ஏன் இப்படி முட்டிக்கொண்டன? எல்லோரும் கையெழுத்திட்ட குறிப்பைத்தானே அமெரிக்கா பயன்படுத்தியது, பிறகு பிரிட்டன் எந்த முகத்தோடு புகார் சொன்னது?

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

தலைப்பில் கோட்டா என்று பொதுவாகப் போட்டிருக்கிறீர்கள். இங்கே பாதிப் பேர் அதைக் கதவடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள், அதனால் ஒரு விளக்கம்.

முழுக் கோட்டா என்றால் எண்ணிக்கை முடிந்ததும் சரக்கு துறைமுகத்தில் நிற்க வேண்டியதுதான். சுங்கவரிக் கோட்டாவில் கதவு மூடுவதில்லை, நுழைவுக் கட்டணம்தான் ஏறுகிறது. 1956-இல் போட்டது இந்த இரண்டாம் வகை. சட்டப்படி இது மென்மையானது. ஆனால் 25 சதவீதத்தில் விற்கக் கணக்குப் போட்ட துணி 45 சதவீதத்தில் போய் இறங்கினால் லாபம் எங்கே இருக்கும்? கதவு திறந்திருக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம், உள்ளே போக ஆள் இருக்காது.

---

பின்னலாடைக் கிழவர் எழுதியது:

நாவல்பழம் தம்பி, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் வரி விகிதத்தில் இல்லை, நாட்காட்டியில் இருக்கிறது.

நான் திருப்பூரில் முப்பது ஆண்டுகள் ஏற்றுமதி வேலை பார்த்தவன். எங்களுடையது பருத்திப் பின்னலாடை, கம்பளியைத் தொட்டதில்லை. ஆனால் கோட்டா என்ற பேயோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன். எங்கள் காலத்தில் கோட்டாவில் ஒரு பங்கு பழைய ஏற்றுமதிக் கணக்கைப் பார்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு பங்கு முந்தி வருபவருக்கு. அந்த இரண்டாவது பங்குக்கு ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஓட்டத்தைப் பார்த்திருந்தால் 1956 கதை தானாகப் புரிந்துவிடும்.

அமெரிக்கா போட்ட கம்பளிக் கோட்டா நாடுவாரியாகப் பிரிக்கப்படவில்லை. உலகத்துக்கே ஒரே அண்டா, முந்தியவன் மொண்டுகொள்ளலாம். இப்போது யோசியுங்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், பிராட்ஃபோர்டிலும் ஹடர்ஸ்ஃபீல்டிலும் நெய்த துணி உயர்ரக வொர்ஸ்டட், அதாவது நீள இழைக் கம்பளியைச் சீவி முறுக்கிய நூலில் நெய்த வழவழப்பான துணி. அதை யாரும் முன்கூட்டியே நெய்து கிடங்கில் குவித்து வைப்பதில்லை. மாதிரித் துண்டு போகும், நியூயார்க்கில் தையல்காரர் வண்ணம் தேர்ந்தெடுப்பார், ஆர்டர் வரும், பிறகுதான் தறி ஓடும். மலிவுத் துணிக்காரனுக்கு அந்தக் கவலை இல்லை. சாம்பல் நிறத்தில் ஆயிரம் கஜம் நெய்து கப்பலில் ஏற்றி, ஜனவரி முதல் வாரம் சுங்கத்தில் இறக்கிவிடுவான். இத்தாலியின் பிராட்டோ ஊர்க்காரர்கள் பழைய கம்பளியைக் கிழித்து நூலாக்கி நெய்வதில் கெட்டிக்காரர்கள். எங்கள் பானிப்பட்டில் நடக்கிறதே, அதே ஷாடி வேலைதான்.

ஆக, ஆண்டு முடிவதற்கு வெகு முன்பே அண்டா காலி. அமெரிக்க ஆலைகள் யாரைக் கண்டு பயந்தனவோ அந்த மலிவுத் துணி குறைந்த வரியில் உள்ளே போயிற்று. யாரோடு போட்டியே இல்லையோ அந்த விலையுயர்ந்த ஆங்கிலத் துணி 45 சதவீதத்தில் மாட்டிக்கொண்டது.

---

வேப்பங்கொத்து எழுதியது:

ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றும் நாள் மாதிரி என்று சொல்லுங்கள் ஐயா. விடிகாலையில் கேனை வரிசையில் வைத்தவனுக்குத்தான் அடுப்பு எரியும்.

---

பின்னலாடைக் கிழவர் எழுதியது:

அதேதான். இதில் கேனை வைத்தவன் பிராட்டோக்காரன். அடுப்பு அணைந்தது யார்க்‌ஷயரில்.

---

கடல்நாரை எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், பிரிட்டன் எந்த முகத்தோடு கேட்டது என்பதற்கு.

சட்டத்தைக் காட்டிக் கேட்கவில்லை, கேட்கவும் முடியாது. அரசியலைக் காட்டித்தான் கேட்டது. போர் முடிந்து பதினொரு ஆண்டுதான். பிரிட்டனுக்கு அப்போது டாலர் என்றால் உயிர்மூச்சு. ஸ்காட்ச் விஸ்கியைப் போலக் கம்பளித் துணியும் டாலர் ஈட்டித் தந்த சரக்கு. "உதவி கேட்காதே, வணிகம் செய்து பிழைத்துக்கொள்" என்று உபதேசம் செய்தது வாஷிங்டன். அந்த உபதேசத்தைக் கேட்டு வந்து விற்றவனை வாசலிலேயே மறித்தால் கோபம் வராதா?

இன்னொன்று. தேதியைப் பாருங்கள். கோட்டா அக்டோபர் 1. அதே மாதக் கடைசியில் சூயஸ் கால்வாய்க்காக எகிப்து மீது படையெடுப்பு. பிரிட்டனின் படை நடவடிக்கையை அமெரிக்கா எதிர்த்தது, பவுண்டு ஸ்டெர்லிங் சரிந்தது. கம்பளிக்கும் சூயஸுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இலையுதிர்காலத்தில் லண்டனில் உட்கார்ந்திருந்த ஓர் அதிகாரியின் மேசையில் இரண்டு கோப்புகளும் அடுத்தடுத்து இருந்திருக்கும் அல்லவா?

அமெரிக்கப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நியூ இங்கிலாந்து மாநிலங்களில் கம்பளி ஆலைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. மாசசூசெட்ஸின் லாரன்ஸ் நகரம் ஒரு காலத்தில் கம்பளிக்குத் தலைநகர். அங்கே பெரிய ஆளாக இருந்த அமெரிக்கன் வுலன் கம்பெனி 1955-இல் டெக்ஸ்ட்ரான் என்ற நிறுவனத்தோடு கரைந்து போனது. ஆலைகள் தெற்கே நகர்ந்தன, செயற்கை இழை வந்தது. இதில் இறக்குமதியின் பங்கு சிறியதே. ஆனால் நைலானை எதிர்த்து யாரிடம் மனுக் கொடுப்பது? ஆங்கிலேயத் துணியை எதிர்த்து மனுக் கொடுக்க வெள்ளை மாளிகை இருந்தது.

மேற்கே ஆடு வளர்ப்பவர்கள் தனி. கச்சா கம்பளிக்கும் வரி உண்டு, பவுண்டுக்கு 25.5 சென்ட். துணி மீது எடைக்கணக்கில் போட்ட 37.5 சென்ட் அதை ஈடுகட்டத்தான். 1954-இல் வந்த தேசியக் கம்பளிச் சட்டம், கம்பளிச் சரக்கில் வசூலாகும் சுங்கவரியை அளவுகோலாக வைத்தே ஆட்டுக்காரர்களுக்கு ஊக்கத்தொகை கொடுக்க வழிசெய்தது. வரியைக் குறை என்று சொன்னால் ஆலைக்காரனோடு ஆட்டுக்காரனும் சேர்ந்து கத்துவான்.

---

வேப்பங்கொத்து எழுதியது:

ஐசனோவர் காலம், கம்பளி, நியூ இங்கிலாந்து என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது விக்குன்யா (தென் அமெரிக்க மலை விலங்கின் மென்மயிர்) கோட்டுதான். பெர்னார்ட் கோல்ட்ஃபைன் என்ற கம்பளி ஆலை அதிபர், ஐசனோவரின் வலக்கையாக இருந்த ஷெர்மன் ஆடம்ஸுக்கு விலையுயர்ந்த கோட்டு பரிசளித்தார். 1958-இல் விஷயம் வெளியே வந்து ஆடம்ஸ் பதவி விலகினார். கோல்ட்ஃபைனின் சிக்கல்களில் ஒன்று, துணியில் என்ன இழை எவ்வளவு இருக்கிறது என்று லேபிளில் பொய் எழுதியதாக வந்த புகார்! கம்பளிக்காரர்கள் கோட்டைக் கொடுத்தே கோட்டையைப் பிடிக்கப் பார்த்திருக்கிறார்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சிலேடை நன்று. ஆனால் அந்தக் கோட்டுக்கும் 1956 முடிவுக்கும் தொடர்பு இருப்பதுபோல் தொனிக்கிறது. ஆடம்ஸ் மீது வந்த குற்றச்சாட்டு, கோல்ட்ஃபைனுக்காக அரசு அமைப்புகளிடம் விசாரித்தார் என்பது பற்றியது. சுங்கவரி பற்றியது அல்ல. கலக்க வேண்டாம்.

---

வேப்பங்கொத்து எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டேன்.

---

தறிக்காரன் மகன் எழுதியது:

இவ்வளவு நேரம் யார்க்‌ஷயருக்காக எல்லோரும் கண்ணீர் விடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதும்.

அதே பிரிட்டன், அதே பத்தாண்டில், மலைத்தொடரின் மறுபக்கம் லங்காஷயரில் என்ன செய்தது? ஹாங்காங், இந்தியா, பாகிஸ்தான் பருத்தித் துணி காமன்வெல்த் சலுகையில் வரியின்றி உள்ளே வந்துகொண்டிருந்தது. லங்காஷயர் ஆலைகள் அலறின. பிரிட்டன் சட்டம் போடவில்லை. மாறாக, நீங்களே விரும்பி அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றது. 1959-இல் ஹாங்காங் குறைத்துக்கொண்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் பின்னால் போயின. விருப்பமாம்! கழுத்தில் கையை வைத்துக்கொண்டு விருப்பமா என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்?

வாஷிங்டனில் போய் "நாங்கள் நியாயமான வணிகர்கள், கோட்டா அநியாயம்" என்று பேசிய அதே அரசு, டெல்லியிடம் "எங்கள் ஆலைத் தொழிலாளியை நினைத்துப் பாருங்கள்" என்று பேசியது. எங்கள் அப்பா கைத்தறிக்காரர். அவருக்கு இந்த இரட்டை நாக்கு நன்றாகத் தெரியும்.

---

கடல்நாரை எழுதியது:

தறிக்காரன் மகன், உங்கள் கோபம் நியாயமே. ஆனால் பிராட்ஃபோர்டு நெசவாளியும் லங்காஷயர் ஆலை முதலாளியும் ஒரே ஆள் அல்ல. ஒருவர் விற்கப் போனவர், மற்றவர் வாங்க மறுத்தவர். லங்காஷயர் செய்ததற்காக யார்க்‌ஷயரின் வழக்கு பொய்யாகிவிடாது.

---

தறிக்காரன் மகன் எழுதியது:

ஊர் இரண்டாக இருக்கலாம், தூதர் ஒருவர்தானே? அவர் வாஷிங்டனில் உட்கார்ந்து பேசும்போது எதிரே இருப்பவன் லங்காஷயரைக் காட்டிச் சிரிக்கமாட்டானா? நியாயம் பேசுகிறவன் தன் வீட்டு வாசலைக் கூட்டிவிட்டுப் பேச வேண்டும். அவ்வளவுதான்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

சண்டைக்கு நடுவே, கதை எப்படி முடிந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1960 இறுதியோடு அந்தச் சுங்கவரிக் கோட்டா போனது. பிரிட்டன் கொண்டாடவில்லை, ஏனென்றால் அதன் இடத்தில் ஆண்டு முழுவதும் ஒரே சீராக நிற்கும் உயர்ந்த வரி வந்தது. ஓட்டப் பந்தயம் ஒழிந்தது. பந்தயத்தில் வென்றவர்களுக்குக் கிடைத்த குறைந்த வரியும் சேர்ந்து ஒழிந்தது.

இதற்குப் பிறகுதான் என் பார்வையில் பெரிய கூத்து. 1961-இலும் 1962-இலும் பன்னாட்டு அளவில் பருத்திக்கு மட்டும் கட்டுப்பாட்டு ஒப்பந்தங்கள் வந்தன. கம்பளி வெளியே நின்றது. 1968 தேர்தலில் தென் மாநில ஜவுளி ஆலைகளின் ஓட்டுக்காக அதிபர் வேட்பாளர் நிக்சன் ஒரு வாக்குக் கொடுத்தார்: கம்பளிக்கும் செயற்கை இழைக்கும் கட்டுப்பாடு கொண்டுவருவேன் என்று. வென்றதும் கணக்கைத் தீர்க்க ஜப்பான் மீது பாய்ந்தார்.

ஜப்பான் பிரதமர் சாட்டோவுக்கு, போருக்குப் பின் அமெரிக்காவின் கையில் இருந்த ஒகினாவா தீவு திரும்ப வேண்டும். 1969 நவம்பரில் இருவரும் சந்தித்தனர். ஒகினாவா கிடைக்கும் என்றானது. ஜவுளியில் சாட்டோ விட்டுக்கொடுப்பதாகத் தனியே சொல்லிவிட்டார் என்று நிக்சன் நம்பினார். டோக்கியோ திரும்பியதும் ஜப்பானிய ஜவுளித் தொழில் கொந்தளித்தது, சாட்டோவால் நிறைவேற்ற முடியவில்லை. நிக்சன் ஏமாற்றப்பட்டதாக எடுத்துக்கொண்டார். 1971 அக்டோபர் 15-ஐக் கெடுவாக வைத்து, 1917-இல் போருக்காக எழுதிய பகைநாட்டு வணிகச் சட்டத்தைக் காட்டி மிரட்டினார்கள். நட்பு நாட்டின் கோட்டுத் துணிக்குப் பகைநாட்டுச் சட்டம்! அன்றே ஜப்பானின் வணிக அமைச்சர் தனாகா காகுவே இறங்கி வந்தார். ஆண்டு வளர்ச்சி செயற்கை இழைக்குச் சுமார் 5 சதவீதம், கம்பளிக்கு 1 சதவீதம், மூன்று ஆண்டுகளுக்கு.

ஜப்பானியர் இதைப் பற்றி ஒரு சொல் வழங்குகிறார்கள்: நூலை விற்றுக் கயிறு வாங்கினார்கள் என்று. ஒகினாவா என்பதில் வரும் நாவா என்றால் அவர்கள் மொழியில் கயிறு.

---

வேப்பங்கொத்து எழுதியது:

நம் ஊரில் கயிறு கொடுத்தார்கள் என்றே சொல்லியிருப்பார்கள்.

---

நாவல்பழம் எழுதியது:

ஆக, ஜப்பான் மீது போட்ட அந்த அழுத்தம்தான் 1974-இன் பல இழை ஒப்பந்தத்துக்கு வழி திறந்ததா? பருத்தியோடு கம்பளியும் செயற்கை இழையும் ஒரே கூண்டுக்குள் வந்தது அப்போதுதான் என்று படித்தேன்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஆம். ஜவுளி இறக்குமதிக்கு அமெரிக்கா வைத்திருக்கும் பிரிவு எண்களில் அந்தக் கூண்டின் கம்பிகள் இன்றும் தெரியும். 300-இல் தொடங்கினால் பருத்தி, 400 கம்பளி, 600 செயற்கை இழை. 340 பருத்திச் சட்டை என்றால் 440 கம்பளிச் சட்டை.

---

தறிக்காரன் மகன் எழுதியது:

440 என்றதும் சொல்லியாக வேண்டும். இந்தியாவின் முறை வந்தது அந்த எண்ணில்தான்.

1995 ஏப்ரல் 18. உலக வணிக அமைப்பு பிறந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. இந்தியக் கம்பளிச் சட்டையும் கோட்டும் எங்கள் தொழிலை அழிக்கின்றன என்று அமெரிக்கா பேச்சுவார்த்தைக்கு அழைத்தது. சட்டை இறக்குமதி ஒரே ஆண்டில் 14,914 டஜனிலிருந்து 76,698 டஜனாக ஏறியதாம். பெருக்கிப் பாருங்கள், ஒன்பது லட்சத்துச் சொச்சம் சட்டை. அமெரிக்கா என்ற கடலில் இது ஒரு குடம். ஜூலையில் இறக்குமதிக்கு அளவு வரம்பு கட்டித் தடையே போட்டார்கள். இந்தியா வழக்குத் தொடுத்தது. ஆண்கள் கோட்டு மீதான தடையை அந்த அமைப்பின் ஜவுளிக் கண்காணிப்புக் குழு ஏற்காததால் முதலிலேயே விட்டார்கள். பெண்கள் கோட்டை 1996 ஏப்ரலில் விட்டார்கள். சட்டைத் தடையை 1996 நவம்பர் 22-இல், தீர்ப்பு வரப்போகிறது என்ற நேரத்தில், தாங்களாகவே விலக்கிக்கொண்டார்கள்.

1997 ஜனவரி 6-இல் தீர்ப்பு: அமெரிக்கா செய்தது தவறு. பார்க்க வேண்டியது கம்பளிச் சட்டைத் தொழிலை, அவர்கள் காட்டியதோ மொத்தச் சட்டைத் தொழிலின் புள்ளிவிவரத்தை. ஒப்பந்தம் எண்ணிச் சொன்ன 11 பொருளாதாரக் காரணிகளில் பலவற்றை ஒழுங்காகத் தொடவே இல்லை.

வென்றோம். ஆனால் எதை? தடை போய் ஆறு வாரம் கழித்துத் தடை தவறு என்று ஒரு காகிதம். நட்டம் யார் கொடுத்தார்கள்?

---

கடல்நாரை எழுதியது:

இதில் உங்களோடு முழுதாக உடன்பட முடியவில்லை. வென்ற பிறகும் இந்தியா மேல்முறையீடு போனதே, அதை விட்டுவிட்டீர்கள். பாதுகாப்புத் தடை போடுகிற நாடுதான் தன் பக்கத்தை நிரூபிக்க வேண்டும் என்றும், எழுப்பிய எல்லாக் கேள்விக்கும் வழக்கை விசாரித்த குழு விடை சொல்ல வேண்டும் என்றும் இந்தியா வாதிட்டது. 1997 ஏப்ரல் 25-இல் மேல்முறையீட்டு அமைப்பு இரண்டையும் ஏற்கவில்லை. யார் ஒன்றைச் சொல்கிறாரோ, வழக்குத் தொடுத்தவரோ எதிர்வாதியோ, அவர்தான் ஆதாரம் தர வேண்டும், போதிய ஆதாரம் வந்தபின் சுமை மறுபக்கம் நகரும் என்றது. வென்ற வழக்கில் தோற்ற மேல்முறையீடு. ஆனால் அந்தப் பத்திகள்தான் பின்னால் வந்த எண்ணற்ற வழக்குகளில் மேற்கோளாயின. 1956-இல் பிரிட்டனுக்குக் கெஞ்சத்தான் இடம் இருந்தது. 1996-இல் இந்தியாவுக்கு வழக்காட இடம் இருந்தது. வேறுபாடு சிறிதல்ல.

---

தறிக்காரன் மகன் எழுதியது:

வழக்கறிஞருக்குச் சிறிதல்ல. சட்டை தைத்தவனுக்கு?

---

நாவல்பழம் எழுதியது:

இரண்டு கேள்வி கேட்டு வந்தேன், இருபது கேள்வியோடு போகிறேன். என் கட்டுரையின் தலைப்பை மட்டும் மாற்றிவிட்டேன். முதலில் "வரி விகிதமும் நட்புறவும்" என்று வைத்திருந்தேன். இப்போது "ஜனவரி ஓட்டம்". பின்னலாடை ஐயா, நீங்கள் பார்த்த கடைசி ஓட்டம் எப்படி இருந்தது என்று சொல்ல முடியுமா?

---

பின்னலாடைக் கிழவர் எழுதியது:

கடைசி ஆண்டில் ஓட்டம் தலைகீழ், தம்பி. 2005 ஜனவரி 1-இல் எல்லாக் கோட்டாவும் போகிறது என்று பத்து ஆண்டாகத் தெரியும். தெரிந்தும், எங்கள் தெருவில் ஒருவர் 2004 கோடையில் மற்றவர்களிடமிருந்து கோட்டாவைப் பிரீமியம் கொடுத்து வாங்கிச் சேர்த்தார். ஆண்டுக் கடைசியில் தட்டுப்பாடு வரும், இரட்டிப்பு விலைக்கு விற்கலாம் என்று கணக்கு. ஆனால் வாங்குகிறவன் முட்டாளா? இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் கோட்டாவே வேண்டாம், சரக்கை ஜனவரியில் அனுப்பு என்று சொல்லிவிட்டான். டிசம்பர் நடுவில் அவர் கையில் இருந்த காகிதத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

மனிதர் அதைக் கிழித்துப் போடவில்லை. ஒரு பக்கம்தான் அச்சு, மறுபக்கம் வெள்ளை. பொங்கல் வரைக்கும் எங்கள் டீக்கடைக் கணக்கு அதில்தான் எழுதப்பட்டது.